நீட்டிய கை

பாய்மர ஆய்வுக்கப்பலில் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விதி அது. யாராவது கடலில் விழுந்தால், முதலில் பார்த்தவர் அவரை நோக்கிக் கை நீட்ட வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது, வேறெந்த வேலையும் செய்யக் கூடாது. சனிக்கிழமைதோறும் ஒரு ஆரஞ்சு நிற டப்பாவைக் கடலில் வீசி, அதை நோக்கிக் கை நீட்டிப் பழகினோம்.

இன்று காலை, கடலுயிர் மாதிரி எடுக்கும் வலையை இழுக்கும்போது என் அறைத்தோழி பெனிட்டா விழுந்தாள். போத்தலில் ஒட்ட வேண்டிய லேபிள்கள் அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்தன. நான்தான் பார்த்தேன். கை நீட்டினேன்.

பாயைச் சுருட்டிக் கப்பலை நிறுத்தி, மீட்புப் படகை இறக்கப் பத்து நிமிடமாயிற்று. அவள் தலை சின்னதாகிக்கொண்டே போனது. நடுவில் உப்புத்தண்ணீர் கண்ணில் அடித்தது. ஒரே ஒரு முறை கசக்கினேன்.

"கைய எறக்கிராதம்மா," என்றார் கேப்டன். "நீ காட்டுற பக்கந்தான் படகு போகும். அங்கதான?"

என் விரலுக்கு நேரே அலைகள் மட்டும்தான் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி.

"அங்கதான் சார்."

படகு போய்க்கொண்டிருக்கிறது. அதில் இருப்பவர்கள் அடிக்கடி திரும்பி என் கையைப் பார்க்கிறார்கள். அது கொஞ்சமும் நடுங்கவில்லை.