பச்சைக் கடை

“நான் சொல்றேன், அந்த முஸ்லிம் ஆளுங்க கடையில சாப்பிடாதீங்க. சாப்பாட்டுல என்னமோ கலக்குறாங்க. நம்ம ஆளுங்களுக்குன்னே தனியா கலக்குறாங்க,” என்றார் விநாசித்தம்பி.

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் ஒரு சிறிய மண்டபம். இளைஞர் மன்றங்களை நடத்துகிறவர்களுக்கு மனித உரிமைப் பயிற்சி. வெறுப்புப் பேச்சை நேருக்கு நேர் சந்திப்பது எப்படி என்பதுதான் இரண்டாம் நாள் பாடம். முதல் நாள் தங்களுக்குள்ளேயே ஆள் மாற்றி ஆள் நடித்துப் பார்த்தார்கள். பேச வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டார்கள். அதனால் இன்று பயிற்றுநர் கனகேஸ்வரி வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தாள்.

“இவர் பேர் விநாசித்தம்பி. ரிட்டையர்டு கிளார்க். மனசுல இருக்கிறதைப் பேசுவாரு. நீங்க பதில் பேசணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

முதலில் எழுந்தவன் வேலு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக்கொடுப்பவன்.

“சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. வயசுக்கு ஏத்த பேச்சா இது?”

“என் வயசைப் பத்தி நீ பேசாதே. நேத்து பொறந்த பய.”

“நீங்க மரியாதையா பேசினா நானும் மரியாதையா பேசுவேன் லா.”

விநாசித்தம்பி குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மற்றவர்கள் சமாதானம் சொல்லி உட்கார வைத்தார்கள்.

“வேலு, அவர் எந்திரிச்சுப் போயிட்டா அப்புறம் யார்கிட்ட பேசுவே?” என்று கேட்டாள் கனகேஸ்வரி. வேலு உட்கார்ந்தான்.

அடுத்து ருக்குமணி. நிறையப் படித்திருந்தாள். “ஐயா, நம்ம நாட்டுச் சட்டத்துல எல்லாரும் சமம்னு எழுதியிருக்கு. ஒரு சமூகத்தையே இப்படிப் பேசுறது...”

“சட்டம் எனக்கும் தெரியும்மா. எத்தனையோ வருஷம் கவர்மெண்ட் ஆபீஸ்ல டைப் அடிச்சவன் நான்.”

சிலர் சிரித்தார்கள். ருக்குமணி தன் இடத்துக்குத் திரும்பினாள்.

கடைசி வரிசையிலிருந்து சலேஹா எழுந்து வந்தாள். தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, இதை எங்க கேட்டீங்க?”

“பசார்ல, காய்கறி வாங்குற எடத்துல.”

“சொன்னவங்க கண்ணால பார்த்தாங்களா?”

“அவங்களுக்கும் யாரோ சொன்னாங்களாம்.”

“எந்தக் கடைன்னு சொன்னாங்க?”

“சுங்கை பினாங்ல, முனையில இருக்கே ஒரு நாசி கண்டார் சோத்துக்கடை. பச்சை பெயிண்ட் அடிச்சது.”

சலேஹா சட்டென்று கனகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். நடிக்க வந்தவருக்கு அக்கா இதைக்கூடச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாரே என்று நினைத்தாள். கனகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எங்க அத்தா கடை,” என்றாள் சலேஹா.

விநாசித்தம்பி குடையைக் கீழே சாய்த்து வைத்தார்.

“காலையில மீன் குழம்புக்கு மசாலா கூட்டுறது நான்தான். போன மாசத்துலேர்ந்து உங்க ஆளுங்க யாரும் வர்றதில்ல. பாதிச் சட்டி மிஞ்சிப் போய் கொட்டுறோம். அத்தா யார்கிட்டேயும் சண்டைக்குப் போகல. வாசல்ல நின்னு, தெரிஞ்சவங்க யாராச்சும் வர்றாங்களான்னு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்காரு. எதிர்ப்பக்கமா போறாங்க, ஐயா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பல.”

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“என்ன கலக்குறீங்கன்னு ஒருத்தராச்சும் எங்ககிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாருமே கேக்கல. நீங்களாவது கேளுங்க.”

விநாசித்தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“என்னம்மா கலக்குறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மல்லி, மிளகா, சோம்பு, மஞ்சள். புளி கொஞ்சம் தூக்கலா. கடைசியில வெண்டைக்கா.”

“அந்தப் புளி எனக்குத் தெரியும்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். “என் சம்சாரம் இருந்தப்போ ஞாயித்துக்கிழமைல பொட்டலம் வாங்கிட்டுப் போவேன். அவளுக்கு உங்க கடை குழம்புன்னா உசுரு.”

“எங்க அத்தா உங்களைப் பார்த்தா அடையாளம் சொல்லுவாரு.”

“சொல்லுவாரு,” என்றார் விநாசித்தம்பி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நான் கேட்டதைத்தான்மா சொன்னேன். நானா எதையும் பார்க்கல,” என்றார்.

யாரோ கைதட்டினார்கள். மண்டபமே சேர்ந்து தட்டியது. சலேஹா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ருக்குமணி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வேலுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஐயா, மனசுல வச்சுக்காதீங்க. அவ்வளவு நல்லா நடிச்சீங்க, எனக்கு நிஜமாவே கோவம் வந்துருச்சு. எந்த நாடகக் குழு நீங்க?”

விநாசித்தம்பி விளங்காமல் அவனைப் பார்த்தார்.

“நாடகமா? எனக்கு நடிக்கல்லாம் தெரியாது தம்பி,” என்றவர், ஜன்னலோரம் இன்னும் திரும்பாமல் நின்ற கனகேஸ்வரியைக் காட்டினார். “‘வீட்டுல தினமும் சொல்றீங்களே, எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல, அங்க வந்து ஒரு தடவை சொல்லுங்கப்பா’ன்னு என் மகதான் கூட்டிட்டு வந்தா.”