ஒரே பதிலுக்கு மார்க் இல்லை

"இந்தக் கேள்விக்கும் ஏ.ஐ. பதில் எழுதிருச்சு சார்" என்று அபிராமி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பற்றி இரண்டு பக்கம், ஒரு பிழையில்லாமல் திரையில் நின்றது.

வயிரவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வரலாற்றுப் பாடத்துக்கு ஆசிரியர்கள். ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மதியத்துக்குள் புதுமையான தேர்வு ஒன்றை அனுப்பாவிட்டால், மாணவர்களுக்குப் பழையபடி 'சரியான விடையைத் தேர்ந்தெடு'தான். வேறு நேரம் வாய்க்காததால், புதுக்கோட்டையில் கூட்டமான ஒரு வராந்தாவின் பெஞ்சிலேயே வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

"ஏ.ஐ.க்குத் தெரியாததைக் கேப்போம் மேடம். ஏதாவது ஒரு பழைய நாளைப் பத்தி. அன்னிக்கு அங்க இருந்த ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா விசாரிக்கணும். அவங்க சொல்றது எங்கெங்க மாறுதோ, அதை எழுதணும். அதுதான் பரீட்சை."

"மாறவே இல்லைன்னா?"

"பேசி வச்சுக்கிட்டுச் சொல்றாங்கன்னு அர்த்தம். முட்டை."

அபிராமி சிரித்துவிட்டாள். "சோதிச்சுப் பாத்துருவோம். காலேஜ்ல கொடும்பாளூர் போனோமே, அந்த நாள். சொல்லுங்க."

"நல்ல மழை. நான் தொப்பலா நனைஞ்சுட்டேன்."

"மழையா? சுள்ளுன்னு வெயில்! கோயில் கிணத்துப் படியில வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்தீங்க, அதான் நனைஞ்சீங்க."

"சரி விடு. அன்னிக்கு நீ பச்சைச் சுடிதார்."

"மஞ்ச. பச்சை போட்டது நம்ம கிளாஸ் தெய்வானை. அப்ப அவளைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"அடிப்பாவி! அவ கொண்டுவந்த புளிச்சோத்தைத்தான் பாத்தேன். ஒன்னோட பங்கையும் சேத்து நான்தான தின்னேன். ஒனக்குப் புளி ஆகாதுன்னு சொன்னியே."

"நானா? பசிக்கலைன்னுதான் சொன்னேன்."

"புளி ஆகாதுன்னுதான் எனக்கு ஞாபகம். அதான் இன்னிக்கு வரைக்கும் ஒனக்குப் புளிச்சோறு வாங்கினதே இல்லை."

அபிராமி திரையைப் பார்த்தபடி சொன்னாள். "பசிக்கலைன்னதும் பொய்தான். அன்னிக்குப் பசியில உயிர் போச்சு. நீங்க விரும்பித் தின்னீங்க, அதான்."

வயிரவன் அவள் பக்கம் திரும்பினான். "இதை ஏன் இத்தனை வருசமா சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு கேள்வியைத் தட்டச்சு செய்து, கடைசி வரியையும் சேர்த்தாள்: 'இருவர் பதிலும் ஒன்றாக இருந்தால் மதிப்பெண் கிடையாது.' வயிரவன் தலையாட்டினான். அனுப்பிவிட்டாள்.

அப்போது எதிர் அறைக் கதவைத் திறந்துகொண்டு, கறுப்புக் கோட்டைச் சரிசெய்தபடி வக்கீல் வேகமாக வந்தார்.

"வாங்க, அடுத்தது உங்க ரெண்டு பேர் டைவர்ஸ் கேஸ்தான். ஏன் பிரியிறீங்கன்னு ஜட்ஜ் கேப்பாங்க. நான் சொல்லிக்குடுத்தபடி ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லணும். ஒரு வார்த்தை மாறக்கூடாது!"