பதினேழாவது கிலோமீட்டர்

நீலப் புள்ளி பாலத்தைத் தாண்டியது.

பிரான்சில் காலை எட்டு மணி. ரங்கூனில் பன்னிரண்டரை.

புள்ளி என்பது காமில் என்ற பெண். லுவார் ஆற்றோரம் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறாள். அவளை நான் பார்த்ததில்லை. ரங்கூனின் பபேடான் பகுதியில், நான்காம் மாடி வீட்டில், மடிக்கணினித் திரையில் அவள் நகர்வதை மட்டும் பார்க்கிறேன்.

அவள் போவது என் மனைவி வரைந்த பாதை.

மஞ்சுளாவும் பிரான்சைப் பார்த்ததில்லை. அங்குள்ள ஒரு சைக்கிள் பயண நிறுவனத்துக்காக, இதே மேசையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தில் சரளைப் பாதைகளைத் தேடிக் கோடு போடுவாள். தார் ரோடு முடிந்தவரை கூடாது. கோட்டைச் சுவர் உள்ள ஊரில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, பழைய தேவாலயம் உள்ள ஊரில் முடிய வேண்டும். ஆறு வருடத்தில் முப்பத்தொரு பாதைகள். ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயர் இருக்கும்.

இது முப்பத்திரண்டாவது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வயிற்றின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு முடித்தாள். பதினோரு நாள் கழித்து இறந்தாள்.

நான்கு மாதம் ஆகிறது.

பதினேழாவது கிலோமீட்டரில் அவள் கோடு தார் ரோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பி, ஒரு கோதுமை வயலுக்குள் போகிறது. படத்தில் அங்கே பாதை இல்லை. ஒரு மரவரிசை, அதன் நிழல். அவ்வளவுதான்.

கோட்டைத் தார் ரோட்டுக்கு மாற்றிவிடலாமா என்று நிறுவனத்திலிருந்து பணிவாகக் கேட்டு எழுதினார்கள். மாற்றினால் பாதை மாற்றியவர் பெயருக்குப் போய்விடும். அது அவர்கள் விதி.

கூடாது என்று எழுதினேன்.

திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் கூடாது என்றேன். கடைசியில், ஆளை அனுப்பி ஓட்டிப் பார்க்கிறோம், வழி இல்லையென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

அரை நாள் விடுப்பு எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மஞ்சுளாவின் தம்பி சுரேந்திரன் கீழே கடையில் பையில் கட்டி வாங்கிய டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு மணிக்குக் கரண்ட் போயிரும் மச்சான். அந்த வெள்ளைக்காரியக் கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொல்லுங்க."

அவனும் திரையைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா அப்ப அக்காவா இல்ல. பெத்த அம்மாவையே ஆருன்னு கேட்டுச்சு. கோடு கோணிப் போயிருந்தா அது மேல தப்பில்ல மச்சான்."

அது உண்மை. ஈரல் கெட்டுவிட்டதால் நினைவு வரும், போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் மஞ்சுளா ரங்கூனுக்கு அக்கரையில், வயல்கள் சூழ்ந்த த்வாண்டேயில் பிறந்தவள். வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். வரப்பின் ஒரு பக்கம் மட்டும் மரம் நின்றால் மறுபக்கம் ஆள் நடக்கிற இடம் என்று ஒருமுறை திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.

"நடக்கிறவன் கெளைய வெட்டி, மரக்கன்னுகளப் புடுங்கி, தனக்கு வழி பண்ணிருப்பான், கோ. பிரான்சா இருந்தா என்ன?"

பர்மியப் பெண்களைப் போல என்னைக் கோ என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கோதுமை வயலிலும் மரங்கள் ஒரு பக்கம் மட்டுமே நின்றன. எனக்கு அது போதும்.

பதினாறரை. பதினாறு எண்ணூறு.

புள்ளி நின்றது.

சுரேந்திரன் டீ உறிஞ்சுவதை நிறுத்தினான்.

ஒரு நிமிடம். இரண்டு. பிறகு புள்ளி தார் ரோட்டிலேயே நேராக நகர்ந்தது.

"போச்சு," என்றான்.

"பொறு."

நூறு மீட்டர் போயிருக்கும். மறுபடி நின்றது. அங்கே யாரிடமோ அவள் கேட்டிருக்க வேண்டும். புள்ளி வந்த வழியே திரும்பியது. இடப்பக்கம் வளைந்தது. மஞ்சுளாவின் சிவப்புக் கோட்டின் மேல் ஏறிக்கொண்டது.

மெதுவாகத்தான் போனது. ஆனால் நிற்கவில்லை. மரவரிசை முடிந்தது, வயல் முடிந்தது. பதினெட்டு நானூறில் அடுத்த ஊரின் சரளைப் பாதையில் வெளியே வந்தது.

காமில் செய்தி அனுப்பினாள். வழி இருக்கிறது. வெள்ளைச் சரளை, ஒரு சைக்கிள் அகலம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மட்டும் போகிற வழியாம். கோட்டைத் தொட வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுதிவிடுகிறேன். அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

சுரேந்திரன் என் முதுகில் ஓங்கி அடித்தான்.

"பாத்தீங்களா! சாகக் கெடந்தப்பவும் எங்க அக்கா மூள அசரல மச்சான்!"

அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினான்.

நான் அம்புக்குறியைக் கொண்டுபோய்க் கோட்டின் மேல் வைத்தேன். ஒவ்வொரு திருப்பமும் எப்போது வரையப்பட்டது என்று அது காட்டும். வயலுக்குள் இறங்கும் இடத்தில் நேரம் வந்தது. பிப்ரவரி ஒன்பது. காலை பதினொன்று இருபது.

அன்று பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்கச் சம்மதம் கேட்டார்.

மஞ்சுளா மடிக்கணினியை மூடினாள். என் சட்டையைப் பிடித்தாள்.

"வேணாம் கோ. வீட்டுக்குப் போவோம்."

நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று டாக்டரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.