காருக்கென்று செய்த பூக்கள்

சாந்தோமில் காலை வெயில் வாதாமர இலைகளைத் தாண்டி, டிராயிங் மாஸ்டர் ஞானதாஸின் பழைய ஆஸ்டின் மேல் விழுகிறது. யுத்தம் தொடங்குமுன் வாங்கி, இன்றுவரை பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் கார். அதற்குப் பாகம் கழற்ற வாங்கிய இன்னொரு ஆஸ்டின் பக்கத்தில் சக்கரமில்லாமல் கிடக்கிறது. அதன் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கோழி அடைகாக்கிறது. முதல் காரின் பின்சீட்டில், வெள்ளை உடுப்பு அழுக்காகாமலிருக்க விரித்த போர்வையின் மேல், மாஸ்டரின் மகள், மணப்பெண் நோரா பூச்செண்டோடு உட்கார்ந்திருக்கிறாள். கோட்டுப் போட்ட மாஸ்டர் முன்னால் குனிந்து, எஞ்சினைக் கிளப்பும் ஹாண்டிலைச் சுற்றுகிறார். எஞ்சின் ஒருமுறை இருமுகிறது. "கேட்டியாம்மா? இதோ வந்துடும்." நோராவின் அக்காவும் தன் கல்யாணத்தன்று இதே சீட்டில் உட்கார்ந்து அப்பா இதையே சொல்லக் கேட்டாள். "வந்துடும்ப்பா," என்கிறாள் நோரா. மறுபடி சுற்றுகிறார். இந்த முறை இருமல்கூட இல்லை. மாதா கோயில் மணி அடிக்கிறது. படியில் நிற்கும் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ், அவரைப் பார்க்காமல் தெருவை நோக்கிக் கையசைக்கிறாள். காத்திருந்ததுபோல் மூலையிலிருந்து ஒரு ஜட்கா வருகிறது. "வா நைனா, மணி அட்ச்சிட்டாங்க, பொண்ண ஏத்து," என்கிறான் வண்டிக்கார அங்கமுத்து. மாஸ்டர் ஹாண்டிலோடு நிமிர்ந்து பார்க்கிறார். ஜட்காவின் கூண்டைச் சுற்றி வெள்ளைக் காகித ரோஜாக்கள், ஒவ்வொன்றும் நூலால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு வாரமாக நோரா கதவைச் சாத்திக்கொண்டு செய்தவை. காருக்கு என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள்.