அட்டைக்குரியவர்

"கள்ளனை இண்டைக்கு விடக்கூடாது, றோஸி. கையும் களவுமாப் பிடிக்கவேணும்" என்றாள் பக்கத்து வீட்டு நேசம்.

றோஸி தலையை மட்டும் ஆட்டினாள். கொழும்பு கொட்டாஞ்சேனைக் கூட்டுறவுச் சங்கக்கடையின் வரிசை தெருவரைக்கும் வந்திருந்தது. அவள் வரிசையில் சேராமல், வருகிற ஒவ்வொருவர் முகமும் தெரிகிற மாதிரி வாசல் தூணோடு நின்றாள்.

உணவு முத்திரை அட்டையை பஸ்ஸில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று அவள்தான் கடையில் வந்து சொன்னவள். அதற்குப் பிறகும் ஒருவன் அவள் புருசன் சவுந்தரநாயகத்தின் பெயரில் அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். கடைக்குப் புதிதாக வந்திருந்த மஹ்ரூப் ஆள் தெரியாமல் நிறுத்துக் கொடுத்துவிட்டான்.

"மெலிஞ்ச ஆள் அக்கா. தாடி. குனிஞ்ச தலை நிமிரவே இல்ல" என்று அவன் சொன்ன நாளிலிருந்து றோஸிக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டது. அட்டைக் களவு கூடிப்போனதால், அட்டைக்குரியவர் அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் இனிச் சாமான். அந்த அறிவித்தலை அன்று காலையில்தான் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பசை கூடக் காயவில்லை.

"உங்கட புருசன்தானே அட்டைக்குரியவர்? அவர் எப்ப வருவார்?" என்று மஹ்ரூப் தராசுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"கப்பலில வேலை தம்பி. வருவார்."

"அப்ப நீங்க பொலிசுல ஒரு என்ட்ரி போடுங்களேன். அத வச்சு புது அட்டை எடுக்கலாம்."

"பொலிஸ் வேண்டாம்" என்றாள் றோஸி அவசரமாக. "அந்த ஆளை ஒருக்கால் கண்ணால கண்டால் எனக்குக் காணும்."

நேசம் மூக்கை உறிஞ்சினாள். "பைக்குள்ள என்னடி மணக்குது? மீன் குழம்போ?"

"சோத்துப் பார்சல். இருந்தாப்போல ஒரு பசி வந்தால்?"

வீட்டில் பிள்ளைகள் இரண்டும் பாணும் வெறுந் தேத்தண்ணியுமாக இருப்பது நேசத்துக்குத் தெரியும். அவள் மேலே கேட்கவில்லை.

வெயில் ஏறிய நேரம் ஒருவன் அட்டையை நீட்டினான். மஹ்ரூப் பெயரைப் பார்த்ததும் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். "அக்கா, இவன்தான்!"

வரிசை குலைந்தது. யாரோ பிடரியில் ஓங்கி அறைந்தார்கள். றோஸி ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, அவன் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். சிவந்த கண்கள், உப்புக்காற்றில் வெடித்த உதடுகள். முன்பின் கண்டறியாத முகம்.

அவள் அடிக்கவில்லை. "உன்னை ஆர் அனுப்பினது?" என்றாள்.

"ஒருத்தரும் இல்ல அக்கா."

"பொய். ஆரோ இதை உன்ர கையில தந்துதானே விட்டிருக்கினம். சொல்லு!"

"என்ட பிள்ளைகள் மேல சத்தியமா இல்ல. நான் பஸ்ஸில அடிக்கவும் இல்ல." அவன் அழத் தொடங்கினான். "காக்கைதீவுக் கரையில ஒரு பிரேதம் ஒதுங்கிக் கிடந்துச்சு. கை ரெண்டும் பின்னால கட்டியிருந்துச்சு. சட்டைப் பைக்குள்ள பொலித்தீனில சுத்தி இந்த அட்டை. வீட்டில அடுப்பெரிஞ்சு கன நாள் அக்கா. எடுத்துட்டன்."

றோஸி அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே குந்தினாள். நேசம் அவள் தோளைத் தொட்டாள்.

மஹ்ரூப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பஸ்ஸில அட்டைய அடிச்சது வேற ஒருத்தன் போல. அவன்தான் செத்திருக்கணும். அவனைப் பிடிக்கத்தானே அக்கா நீங்க இவ்வளவு நேரம் காவல் நிண்டீங்க?"

"கள்ளனுக்கில்லைத் தம்பி. அட்டை களவு போகேல்லை, என்ர மனுசனிட்டத்தான் இருந்தது. அவர் வருவார் எண்டுதான் நிண்டனான்."