ஏறாத அவரை

தோப்பில் ஓர் அணில், தலைமுறை தலைமுறையாக வந்த கொடி அவரை விதையை விற்றுவந்தது. பூச்சி அண்டாமலிருக்கச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்துத்தான் கொடுக்கும். இந்த ஆடியில் கேட்டு வந்தவர்கள் அதிகம், விதை தீர்ந்துபோனது. யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், சந்தையில் வாங்கிய செடி அவரையைச் செம்மண்ணில் புரட்டி விற்றது. மண் பூசியபின் எது எதுவென்று யாருக்குத் தெரியப்போகிறது?

ஆடியில் விதை வாங்கிப்போன தூக்கணாங்குருவி புரட்டாசியில் திரும்பி வந்தபோதும் அணில் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க விதையை வீணாக்கிட்டேன்," என்றது குருவி. "நார் கிழிச்சு ஆசையாப் பந்தல் பின்னினேன். ஒண்ணுகூட ஏறல, சாண் உயரத்துலயே நின்னுடுச்சு. என் மண்ணுதான் சரியில்ல போல. உங்க பேரு கெட்டுடுமேன்னு யார்கிட்டயும் சொல்லல."

"மண்ணுல ஒண்ணும் இல்ல..." என்று தொடங்கியது அணில்.

"பந்தலை இன்னும் பிரிக்கல அக்கா. ஒரு தடவை உங்க கையால நட்டுக் குடுங்க. உங்க கைராசிக்கு ஏறிடும்."

அணில், செம்மண் அப்பிய கைகளை மெல்ல வாலுக்குள் இழுத்துக்கொண்டது.