நாற்பது பேருக்கும் புரிந்தது

நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்கிற அளவுக்கு அமைதி நிலவினால், நீங்கள் மகிழ்வீர்களா, அஞ்சுவீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர் அம்மையார் மகிழ்ந்தார்.

குடிமையியல் பாடத்தை அயல்மொழியிலேயே நடத்துவதற்கு இருபது ஆசிரியர்களைப் பத்து நாள்களாக அவர் பழக்கியிருந்தார். இன்று கடைசி நாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் புரிகிறது என்று அம்மையார் மாலைக்குள் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிகளிலும் இதே முறைதான். அவருடைய மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முறை எளியது. ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், புன்னகைக்க வேண்டும், "புரிந்ததா?" என்று கேட்க வேண்டும்.

"வாக்குரிமை என்பது இது. புரிந்ததா?"

"புரிந்தது, ஐயா."

"பேச்சுரிமை என்பது இது. புரிந்ததா?"

"புரிந்தது, ஐயா."

நாற்பது வாய்களும் ஒன்றாய்த் திறந்தன; ஒன்றாய் மூடின. ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை. ஒரு பிள்ளைகூட இருமவில்லை. பத்தொன்பது ஆசிரியர்கள் வந்து போனார்கள். நாற்பது முகங்களிலும் அதே அளவுப் புன்னகை, வரைந்து வைத்தாற்போல் இருந்தது.

பின்சுவரோரம் அமர்ந்திருந்த ஓர் ஆசிரியை பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுத்தார்.

"என் வகுப்பா இருந்தா இந்நேரம் நாலு சண்டை, ரெண்டு பஞ்சாயத்து முடிஞ்சிருக்கும். இதுங்க கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேங்குதே!"

"பொறாமைப்படாதீங்க டீச்சர். பழக்கினா எல்லாம் பழகும்," என்றார் அம்மையார், காதில் வாங்கிக்கொண்டு.

இருபதாவதாக எழுந்தவர் முனகல் வாத்தியார். பத்து நாளும் கடைசி நாற்காலியில் எதையாவது முனகிக்கொண்டே இருந்ததால் சக ஆசிரியர்கள் சூட்டிய பட்டம் அது.

"இன்னைக்காவது வாயைத் திறந்து பேசுங்க சார். இல்லைன்னா சான்றிதழை மறந்துடுங்க," என்றார் அம்மையார்.

"பேசறேன் மேடம். இப்படி நடத்தினா பிள்ளைங்களுக்கு ஒரு மண்ணும் புரியாதுன்னுதான் பத்து நாளா முனகிட்டிருக்கேன். இப்ப நிரூபிச்சே காட்டறேன்."

கரும்பலகையின் முன் போய் நின்றார். முறைப்படி புன்னகைத்தார். பிசிறில்லாத அயல்மொழியில், தொட்டில் குழந்தையிடம் பேசும் குரலில் தொடங்கினார்.

"பிள்ளைகளே, இன்று முதல் நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. புரிந்ததா?"

"புரிந்தது, ஐயா."

"தண்ணீர் கேட்கக் கூடாது. புரிந்ததா?"

"புரிந்தது, ஐயா."

"உங்கள் பெயர்களை மறந்துவிடுங்கள். வாசல் பக்கமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். இனி நீங்கள் அந்த எண்கள்தான். புரிந்ததா?"

ஒரு கணம் நாற்பது ஜோடி உதடுகள் ஓசையின்றி அசைந்தன. பிறகு நின்றன.

"புரிந்தது, ஐயா. நன்றி, ஐயா."

பின்சுவரோரம் குபீரென்று சிரிப்பு வெடித்தது.

"பார்த்தீங்களா மேடம்? கழுத்தை நெரிக்கப் போறேன்னு சொன்னாலும் நன்றிதான் சொல்லுவாங்க. பாவம், ஒரு வார்த்தை விளங்கினாத்தானே!" என்றார் முனகல் வாத்தியார்.

அம்மையாரின் முகம் சுண்டிப்போயிற்று. 'மாணவர்களுக்குப் புரிகிறதா?' என்று அச்சிட்ட தாளில் 'புரிகிறது' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிடப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பள்ளி முடியும் மணி அடித்தது.

வராந்தாவில் கூச்சலும் காலடிகளும் அலைபோல் எழுந்து, வாசலைக் கடந்து, தேய்ந்து மறைந்தன.

அந்த அறையில் ஒருவரும் எழவில்லை.

புன்னகை அப்படியே இருந்தது. பார்வை அப்படியே இருந்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வறண்ட உதட்டை நாவால் நனைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அம்மையார் எழுந்து வந்தார். அந்தச் சிறுமியின் அருகே குனிந்து, தாய்மொழியில் கேட்டார்.

"மணி அடிச்சது கேக்கலையா கண்ணு?"

"கேட்டுச்சு டீச்சர்."

"அப்புறம் ஏம்மா உட்கார்ந்திருக்கே? உன் பேர் என்ன?"

சிறுமி எழுந்து விறைப்பாக நின்றாள்.

"பதினேழு, டீச்சர்."

சிரிப்பு அறுந்துபோயிற்று. முனகல் வாத்தியார் அவளிடம் விரைந்து வந்தார்.

"அம்மாடி... நான் சும்மா சொன்னேன்மா. நான் சொன்னது அவ்வளவும் புரிஞ்சுதா உனக்கு?"

"எல்லாருக்குமே புரிஞ்சுது சார்."

"பின்னே ஒருத்தர்கூட ஏம்மா முடியாதுன்னு சொல்லலை?"

முதல் முறையாக அவள் புன்னகை கலைந்தது. தோழிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படிச் சொல்லலாமா, சார்?"

அம்மையார் தம் தாளைப் பார்த்தார். எழுதிய விடையில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகளுக்குப் புரிகிறது. அதன் கீழே கையெழுத்திடத்தான் அவருக்குக் கை வரவில்லை.

அன்பர்களே, பாடம் எந்த மொழியிலும் நடக்கட்டும். இன்று உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், நியாயமில்லாத ஒரு கட்டளையை வேண்டுமென்றே இடுங்கள். "மாட்டேன்" என்ற சொல் அந்த வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள். வந்ததும் கையை ஓங்காதீர்கள், அள்ளி அணைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றே செய்யுங்கள்.